பதினொரு வேட்டி

கேள்வி கேட்க வந்தவருக்கு வயது ஐம்பத்து நான்கு. பதில் சொல்ல வேண்டியவருக்கு முப்பத்து மூன்று. எங்கள் ஊரில் சில காரியங்கள் இப்படித் தலைகீழாகத்தான் நடக்கும்.

வந்தவர் கஸ்பார் சார். மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷமாக வரலாறு நடத்துகிறார். அவர் வகுப்பில் தூங்கியவர்கள் உண்டு, தேதி தெரியாமல் வெளியே வந்தவர்கள் கிடையாது. பதில் சொல்ல வேண்டியவர் எங்கள் மாதா கோவில் உபதேசியார் தொம்மை. கோவில் மணி அடிப்பது, செபம் சொல்லிக் கொடுப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவது, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது எல்லாம் அவர் வேலை. அவரும் கஸ்பார் சாரிடம் படித்தவர்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. உபதேசியார் மெழுகுவர்த்தித் தண்டில் உறைந்துபோன மெழுகைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, ஒரு சந்தேகம் கேட்கணும்."

கத்தி நின்றது.

"சார், நீங்க அப்படிக் கூப்பிடாதீங்க. பள்ளிக்கூடத்துல முட்டி போட்டதெல்லாம் ஞாபகத்துக்கு வருது."

"இன்னைக்கு நான் சாரா வரல. சிஷ்யனா வந்திருக்கேன்."

"வரலாற்றுல எனக்கு முப்பத்தஞ்சு மார்க் போட்டவரு நீங்க."

"நீ வாங்குனது முப்பத்திநாலு. ஒண்ணு நான் பாவம் பாத்துப் போட்டது."

"அப்ப கடன்பட்டிருக்கேன். உக்காருங்க."

சார் பெஞ்சில் உட்கார்ந்தார். பீடத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"அமலி புதுநன்மை வாங்க மாட்டேங்கிறா."

உபதேசியார் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

அமலி சாருடைய ஒரே மகள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, போகாத கோவில் இல்லை என்று போய், நேர்ந்து பெற்ற பிள்ளை. ஒன்பது வயது. முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைத் திருநாள் மே மாதம் வருகிறது. பிள்ளைகள் பெயர் கொடுக்க அடுத்த ஞாயிறுதான் கடைசி நாள்.

"என்ன சார் சொல்லுதா?"

"ஆதாரம் இல்லாத எதையும் வாங்க மாட்டாளாம்."

உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"இதை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு சார்."

"என்கிட்ட கேட்டதுதான். அதான் எனக்கு வயிறு எரியுது."

சார் மகளுக்கு வீட்டிலேயே சனிக்கிழமை வகுப்பு நடத்துவது ஊருக்கே தெரியும். வேதத்தில் உள்ள கதை, ஊர்க் கதை, உலகக் கதை எல்லாம் உண்டு. வாயால் சொல்வதோடு விடமாட்டார், கையால் செய்யவும் வைப்பார். தீப்பெட்டியில் நோவாவின் பேழை செய்தார்கள். மனைவி பிலோமி டீச்சருடைய இரண்டு நீலச் சேலையை நடுவீட்டில் விரித்துச் செங்கடலைப் பிளந்தார்கள். சாயங்காலம் அம்மா வந்து இரண்டு பேரையும் பிளந்தது தனிக் கதை. செய்த பொருளை எல்லாம் சார் கண்ணாடி அலமாரியில் வைத்து, ஒவ்வொன்றிலும் எண், தேதி, பெயர் எழுதிச் சீட்டு ஒட்டுவார். குட்டி அருங்காட்சியகம் என்று வருகிறவர்களிடம் காட்டுவார்.

"பிள்ள நல்லாத்தானே இருந்தா. எங்க போய் முட்டுச்சு?"

"தோணிக் கதையில."

தோணிக் கதை தெரியாமல் எங்கள் ஊரில் ஒரு பிள்ளை வளராது. நூறு வருஷத்துக்கு முன்னால் மாதா சுரூபம், இப்போது கோவிலில் இருக்கிற சிலைதான், கடல் வழியாகத் தோணியில் வந்தது. நடுக்கடலில் புயல் பிடித்தது. சுரூபம் உருண்டு கடலில் விழப்போன நேரத்தில் ஒரு தோணிக்காரர் இடுப்பு வேட்டியை அவிழ்த்து, மாதாவைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டினார். கரைக்கு வந்தபோது மாதா நின்றாள், அவர் கோவணத்தோடு நின்றார். ஊர் சிரித்துக்கொண்டே அழுதது. இதுதான் கதை.

"அட்டையில தோணி செஞ்சோம்" என்றார் சார். "களிமண்ணுல மாதா செஞ்சோம். வேட்டின்னு ஒரு துணி நாடாவை வச்சுக் கட்டுனா. நிக்கல. தூக்குனா விழுது, தூக்குனா விழுது. கடைசியில நான் பசை வச்சு ஒட்டிட்டேன். சீட்டு எழுதப் போறேன், அப்ப கேட்டா, இது நம்ம பூட்டன் வேட்டிதானப்பான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பிள்ளைகிட்டப் பொய் சொல்ல முடியுமா? கோவில் ஏட்டைப் பாத்தேன். 'சுரூபம் தோணியில் வந்து சேர்ந்தது.' ஒரே வரி. புயல் இல்ல, வேட்டி இல்ல. சரி, ஊர்ல விசாரிப்போம்னு நோட்டும் கையுமாப் போனேன். எத்தனை வீட்டுல எங்க பூட்டன் வேட்டிதான்னு சொன்னாங்க தெரியுமா?"

"எத்தனை?"

"பதினொரு வீடு! நம்ம வீட்டையும் சேத்து. ஒருத்தர் பச்சைக் கரை வேட்டிங்காரு. இன்னொருத்தர் சத்தியம் பண்ணுதாரு, சிவப்புக் கரைன்னு. ஒருத்தர் கரையே கெடையாதுன்னு சண்டைக்கு வாராரு. ஒரு மாதாவைக் கட்ட எத்தனை வேட்டி வேணும்? உள்ளதை உள்ளபடி அமலிகிட்டச் சொன்னேன். பதினொரு பேர் ஒரே வேட்டியக் கேட்டா பதினொண்ணையும் தள்ளி வைக்கணும், இதுதாம்மா வரலாற்று முறைன்னேன்."

"பிள்ள என்ன செஞ்சா?"

"தோணியக் கொண்டுபோய் அலமாரிக்குள்ள வச்சுக் கதவைச் சாத்துனா. அப்ப மத்ததும் இப்படித்தானப்பான்னு கேட்டா. அவ்வளவுதான். மூணு வாரமா செபம் சொல்ல வாயத் தொறக்கல."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குப் பயமா இருக்கு தொம்மை. பிள்ள என் கையவிட்டுப் போறா. நீங்களே சொல்லுங்க. பிள்ளைகிட்டக் கதையச் சொல்றதா, ஆதாரத்தச் சொல்றதா?"

உபதேசியார் யோசித்த மாதிரியே தெரியவில்லை.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிட்டுக் கோவிலுக்குப் பின்னால வாங்க. வீட்டுல இருக்கிற பழைய குருத்தோலையக் கொண்டு வாங்க."

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"மறக்காம கொண்டு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தார்.

குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் கொடுக்கிற ஓலையைப் பிள்ளைகள் சிலுவையாக மடிப்பார்கள். அது வருஷம் முழுக்க வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மறுவருஷம் சாம்பல் புதனுக்கு முந்தின நாள் ஊர் ஓலையை எல்லாம் திருப்பி வாங்கி எரித்து, அந்தச் சாம்பலைத்தான் புதன்கிழமை நெற்றியில் பூசுவார்கள்.

கஸ்பார் சார் வீட்டில் ஓலைச் சிலுவை சாமி படத்துக்குப் பக்கத்தில் இல்லை. அலமாரியில் இருந்தது. எண் ஒன்று, செய்தவர் அமலி, வயது எட்டு. அவள் யார் உதவியும் இல்லாமல் செய்த முதல் பொருள் அது.

செவ்வாய்க்கிழமை சார் கொல்லைப்புறம் போய், யாரும் மடிக்காமல் கிடந்த ஒரு காய்ந்த ஓலையைத் தேடி எடுத்து வந்தார். வந்து பார்த்தால் அமலி அலமாரியைத் திறந்துகொண்டு நிற்கிறாள்.

"அதை எடுக்காத அமலி. இது போதும்."

"அது மடிக்காத ஓலையில்லா?"

"இருக்கட்டும். சாம்பல்தானே ஆகப்போகுது. எது எரிஞ்சா என்ன?"

"எல்லாரும் சிலுவையத்தான் கொண்டு வருவாங்க. நான் மட்டும் குப்பையக் கொண்டு போகவா?"

"ஏட்டி, அது நீ செஞ்சது. எரிச்சுட்டா நீ செஞ்சதுக்கு ஆதாரமே இருக்காது."

அமலி சீட்டைக் கிழித்து அப்பா கையில் கொடுத்தாள்.

"ஆதாரத்த நீங்க வச்சுக்கோங்க" என்றாள்.

சாருக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

கோவிலுக்குப் பின்னால் பிள்ளைகள் கூட்டம் கூச்சல். பெரிய இரும்புச் சட்டியில் ஓலைகள் குவிந்திருந்தன. உபதேசியார் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். காய்ந்த ஓலை படபடவென்று பிடித்துக்கொண்டது. அமலி தன் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கடைசிவரை சிலுவையாகவே இருந்து, பிறகு ஓரமாகச் சுருண்டு, கறுத்து, உதிர்ந்தது.

ஆறினதும் கல்லுரலில் போட்டு இடித்தார்கள். முதலில் மிக்கேல் என்கிற பையன், பிறகு ஒவ்வொருவராக, ஆளுக்கு இருபது இடி. அமலி முறை வந்தபோது முப்பது இடித்தாள். முழங்கைவரை கரி. மூக்கில் கரி. மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பையும் அன்றுதான் சார் பார்த்தார்.

உபதேசியார் பழைய வேட்டித் துணி ஒன்றைப் பாத்திரத்தின் வாயில் கட்டி, இடித்ததைச் சலித்தார். மாவு மாதிரி சாம்பல் இறங்கியது. அமலி குனிந்து பார்த்தாள்.

"மாமா, இதுல என் சிலுவை எது?"

"தேடு."

அவள் விரலால் தொட்டாள். கிளறினாள். விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"தெரியலயே."

"எனக்கும் தெரியல" என்றார் உபதேசியார். "கையக் கழுவிட்டு வீட்டுக்குப் போ."

சார் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார். "தொம்மை, நான் கேட்ட கேள்வி அப்படியே நிக்குது."

"நிக்கட்டும் சார். அது எங்க போயிரப்போகுது?"

"ஞாயிற்றுக்கிழமை கடைசி நாளப்பா!"

"தெரியும் சார். பேர் எழுதுற நோட்டே என்கிட்டத்தானே இருக்கு."

இதற்கு மேல் அந்த மனுஷனிடம் என்ன பேச? சார் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சாம்பல் புதன். காலைப் பூசையில் கோவில் நிறைந்திருந்தது. சாமியார் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை வரைந்தார். சாரும் வரிசையில் போய் வாங்கிக்கொண்டார். அமலியும் வாங்கினாள். அம்மா இழுத்துக்கொண்டு போனதால் வாங்கினாள் என்றுதான் சார் நினைத்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் ரகளை. முந்தின நாள் சாம்பல் இடித்த பிள்ளைகள் எல்லாம் அங்கே நின்று, வெளியே வருகிறவர்கள் நெற்றியை எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.

"எங்க சித்தி நெத்தியில இருக்கது என் சிலுவை!"

"போலே, அது என்னோடது!"

"சாமியார் நெத்தியில என்னோடதுதான் இருக்கு. நான் பாத்துட்டேன்!"

அமலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தாள். அவர் கையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்தாள். நெற்றியை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, இது நான் செஞ்ச சிலுவை."

பாவி மனுஷனுக்கு அந்த இடத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. இருபத்தெட்டு வருஷப் பழக்கம்.

"எதை வச்சுச் சொல்லுத?"

"நான்தானே குடுத்தேன்?"

"அந்த மிக்கேலு பய என்னையப் பாத்து, சார் நெத்தியில என் சிலுவைன்னு இப்பத்தான் கத்துனான்."

"அவனும் குடுத்தானே."

"சரி, ரெண்டு பேர்ல யார் சொல்லுதது நெசம்?"

அமலி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கணக்கில் தப்புப் போட்ட பிள்ளையை டீச்சர் பார்க்கிற பார்வை.

"ரெண்டு பேரும்தான். நேத்து நீங்களும் அங்கதானே நின்னீங்க?"

சொல்லிவிட்டு அவள் நடக்க ஆரம்பித்தாள். நாலு எட்டு வைத்தவள் சட்டென்று நின்றாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, அந்த வேட்டி..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமலே ஓடிப் போனாள். சார் தூணோரம் பார்த்தார். உபதேசியார் அங்கே செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை சாருடைய விசாரணை நோட்டைக் காணவில்லை. பிலோமி டீச்சரைக் கேட்டார், தெரியாது என்றார். அமலியைக் கேட்டார்.

"என்கிட்டத்தான் இருக்கு. வேல இருக்கு. தாரேன்."

"என்ன வேல?"

"அதுல பதினொரு வீட்டு அட்ரஸ் இருக்குல்லா."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு அவள் நேரத்துக்கு வீடு வரவில்லை. சார் தெருவுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கே போனாய் என்று அவர் கேட்பதற்குள் உள்ளே ஓடிவிட்டாள். சனிக்கிழமை காலையில் சார் குளித்துவிட்டு வந்து கொடியைப் பார்த்தார். நீலக் கரை போட்ட அவருடைய வேட்டியில் ஒரு முழம் இல்லை. நேராகக் கிழித்திருந்தது.

"அமலி!"

நடுவீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். அலமாரி திறந்து கிடந்தது. தோணி தரையில் இருந்தது. களிமண் மாதாவின் காலடியில் சார் வைத்திருந்த பசையை அவள் கத்தரிக்கோல் முனையால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சார் திட்டுவதற்காகத்தான் போனார். போனவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து துணிகள் வெளியே வந்தன. பச்சைக் கரை ஒன்று. சிவப்புக் கரை ஒன்று. கரையே இல்லாமல் வெள்ளையாக ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு வாங்கிய பழைய வேட்டித் துணி. கடைசியாக அப்பாவுடைய நீலக் கரை.

"இந்த முனையப் பிடிங்க" என்றாள்.

அவர் பிடித்தார். அவள் சுற்றினாள், முடிச்சுப் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அன்று முழுக்க சார் ஒரு தேதி சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமலிதான் முதலில் போய் நின்றாள். உபதேசியார் மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, புதுநன்மைக்கு என் பேர எழுதுங்க."

"ஆதாரம் கெடச்சுட்டா?"

"தேடிட்டு இருக்கேன். நீங்க பேர எழுதுங்க."

உபதேசியார் எழுதினார். அவள் எட்டிப் பார்த்து, பெயரில் பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வெளியே விளையாட ஓடினாள். தோணியை அப்பா கையில் விட்டுவிட்டுப் போனாள்.

சார் அதை மேசைமேல் வைத்தார். அவர் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் வரலாற்று வாத்தியார் வாத்தியார்தான்.

"சந்தோஷம்தான் தொம்மை. உங்க கால்ல விழணும். ஆனா ஏட்டுல ஒரு வரிதானே இருக்கு? அதை நான் என்ன செய்ய?"

"அதை யாரும் மாத்த வேண்டாம் சார். அந்த ஒரு வரி நெசம். அது அங்கயே இருக்கட்டும். அமலிகிட்டயும் அதைச் சொல்லுங்க."

"சொல்லுதேன். அப்ப இந்தப் பதினொண்ணு? இதுல எந்த வேட்டி நெசம்?"

உபதேசியார் தோணியைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைமேல் சிவப்பு, சிவப்புமேல் வெள்ளை, எல்லாவற்றுக்கும் மேலே நீலம். மாதாவின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. பசை இல்லை. அவர் தோணியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பலம் கொண்ட மட்டும் உதறினார். சார் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

மாதா அசையவில்லை.

உபதேசியார் தோணியை நிமிர்த்திச் சார் கையில் கொடுத்தார்.

"அன்னைக்கு அடிச்சது புயல் சார். ஒரு வேட்டி தாங்குமா?"